பொன்னியின் செல்வனை விழுங்கியவர் கோபல்ல கிராமத்தில் ஏன் நின்றார்?

நண்பர் ஒருவர் கேட்டது இது: "பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் கீழே வைக்காமல் படித்து முடித்தேன். ஆனால் முடிவு சப்பென்று ஆகிவிட்டது. எல்லோரும் புகழ்கிறார்களே என்று கோபல்ல கிராமத்தை எடுத்தேன், பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு நாவல் பிடித்துப்போவதற்குத் தொடக்கம், வேகம், முடிவு இவற்றில் எது முக்கியம்? குறை நாவலிலா, என்னிடமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. இரண்டு நாவல்களும் உங்களை இரண்டு விதமாகக் காத்திருக்கச் சொல்கின்றன. ஒன்றில் பழகிய பொறுமையோடு மற்றதற்குள் நுழைந்தீர்கள், அது அங்கே செல்லுபடியாகவில்லை. நாவல் வாசிப்பின் சுகம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று தொடக்கம் சொல்லிவிடுகிறது. அந்தக் காத்திருப்பை ஆசிரியர் எதைக் கொண்டு நிரப்புகிறார் என்பதைத்தான் வேகம் என்கிறோம். எதிர்பார்த்தது வந்ததா, வேறொன்று வந்ததா, வந்தது போதுமா என்பது முடிவு. ஆகவே மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வராது.

பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கால வெள்ளத்தில் ஓடம் ஏறி வரச் சொல்லி கல்கி நேராக வாசகரையே அழைக்கிறார். விநாடிக்கு ஒரு நூற்றாண்டு வீதம் பின்னால் போகிறோம். அடுத்த பக்கத்தில் வீரநாராயண ஏரிக்கரை, ஆடிப்பெருக்கு, களைத்த குதிரையில் ஒரு வாலிபன். அவன் எதற்காகப் போகிறான் என்பதைச் சொல்வதற்கு முன்பே எழுபத்து நான்கு கணவாய்களின் வழியாகப் பாயும் தண்ணீரையும், கமுகு மட்டையில் சித்திரான்னம் சாப்பிடும் கூட்டத்தையும் காட்டிவிடுகிறார். எண்ணிப் பார்த்தால் அந்த அத்தியாயத்தில் 'சம்பவம்' என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆனாலும் நமக்கு அலுப்புத் தட்டுவதில்லை. குதிரை நிற்காது, இந்த ஆள் எங்கேயோ போய்ச் சேர வேண்டியவன் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. பயணம் செய்கிற ஒருவனைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் வழியில் எவ்வளவு வர்ணித்தாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார். வர்ணனை அலுக்கிறது என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எங்கும் போகாத ஆளுக்குப் பக்கத்தில் வரும் வர்ணனைதான் அலுக்கிறது.

அதன் பிறகு கல்கி உங்களை எப்படி இழுத்துப் போனார்? அத்தியாயத் தலைப்புகளைப் பாருங்கள். 'நடுநிசிக் கூட்டம்', 'பல்லக்கில் யார்?' என்று தலைப்பே கேள்வி கேட்கிறது. ஒரு கேள்விக்கு விடை வரும்போது இன்னொன்று பிறந்திருக்கும். இது கல்கியின் தனிப்பட்ட சாமர்த்தியம் மட்டும் கிடையாது, அந்த நாவல் வெளிவந்த விதமும் அப்படி. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்த தொடர்கதை அது. மொத்தம் 293 அத்தியாயங்கள். முதல் வாசகர்களுக்கு வந்தியத்தேவன் ஆபத்தில் மாட்டினால் அடுத்த இதழ் வரும்வரை மாட்டியவன்தான். அந்த ஒரு வாரத்தில் வீட்டுத் திண்ணையிலும் ஆபீஸிலும் அதைப் பற்றிப் பேசுவார்கள், மணியம் வரைந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

உங்களுக்கு அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினால் விடை. ஒரு வாரத்து ஆவலை அரை நிமிடத்தில் தீர்த்துக்கொண்டே போனதால் வேகம் இரட்டிப்பாகத் தெரிந்திருக்கிறது. அதே காரணத்தால் சில குறைகளும் பெரிதாகத் தெரிந்திருக்கும். முன்கதையைத் திரும்ப நினைவூட்டும் பத்திகள், ஒளிந்து நின்று பிறர் பேச்சைக் கேட்கும் காட்சிகள் அடிக்கடி வருவது, கடைசி நொடியில் யாரோ குரல் கொடுப்பது. வாரப் பத்திரிகையில் இவையெல்லாம் தேவையானவை, புத்தகத்தில் சேர்ந்தாற்போல் படிக்கும்போது கண்ணில் உறுத்துபவை. நாம் கொண்டாடும் தமிழ் நாவல்களில் கணிசமானவை தொடர்கதையாக வந்து புத்தகமானவை. தமிழ் வாசகரின் 'விறுவிறுப்பு' என்ற அளவுகோலே பத்திரிகைகள் செய்து கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வேறு வகை நாவலுக்குள் போனால் 'இழுவை' என்ற சொல் வாயில் சட்டென்று வந்துவிடும்.

இப்போது கோபல்ல கிராமத்துக்கு வருவோம். 1976இல் வந்த நாவல். ஆரம்பத்திலேயே ஒரு கொலை நடக்கிறது என்பதை நினைவுபடுத்துகிறேன். வழிப்பயணத்தில் தாகம் எடுத்துத் தண்ணீரில் இறங்கிய பெண்ணை நகைக்காக ஒரு கள்வன் கொல்கிறான். அவள் சாகும்போது அவன் கால்விரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள், செத்த பிறகும் விடவில்லை. துப்பறியும் கதைக்காரருக்குக் கிடைத்தால் இந்த ஒரு விரலை வைத்து ஒரு வருஷம் தொடர் ஓட்டியிருப்பார். கி. ராஜநாராயணன் என்ன செய்கிறார்? கள்வனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவனை ஓரமாக நிறுத்திவிட்டு, நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாளைப் பேச விடுகிறார். பாட்டி தெலுங்கு தேசத்திலிருந்து கதையைத் தொடங்குகிறாள். சென்னாதேவி என்ற அழகி, அவளை அடைய நினைத்த ராஜா, குடும்பம் குடும்பமாக ராத்திரியோடு ராத்திரியாகத் தெற்கே ஓடி வந்தது, காட்டை அழித்து ஊர் உண்டாக்கியது. நீங்கள் நின்றது இந்தப் பகுதியில்தான் என்று ஊகிக்கிறேன். கொலைகாரன் என்ன ஆனான் என்று நீங்கள் காத்திருக்க, நாவல் உங்களைப் பல தலைமுறைக்கு அப்பால் கூட்டிப்போய்விட்டது.

உண்மையில் கி.ரா. ஏமாற்றவில்லை. நாவலின் தலைப்பில் ஆளின் பெயர் இல்லை, ஊரின் பெயர்தான் இருக்கிறது. கொலை நடப்பதற்கு முன்பே அந்த ஊர் எப்படி விடிகிறது, யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று நிதானமாகக் காட்டியிருக்கிறார். கொலை அங்கே வந்தது, இந்த மாதிரி ஒரு காரியம் நடந்தால் இந்த ஊர் எப்படிக் கூடும், எப்படித் தீர்ப்புச் சொல்லும் என்று காட்டத்தான். காத்திருக்க வேண்டியது ஊருக்காக. கும்பெனி ஆட்சி போய் விக்டோரியா ராணியின் ஆட்சி வரும் இடத்தில் நாவல் முடிகிறது. இனிமேல் இந்த ஊர் தன் தீர்ப்பைத் தானே சொல்லிக்கொள்ள முடியாது என்று அங்கே நமக்கு உறைக்கும்போது முதல் பக்கத்துக் காலை நேரத்துக்கே வேறொரு எடை வந்துவிடுகிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கொலையை அவ்வளவு கூர்மையாக எழுதியதால் பல வாசகர்கள் தவறான இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு விதத்தில் அந்தக் கால்விரல் நாவலுக்கு எதிராகவே வேலை செய்கிறது.

இதற்கு நேர் எதிராக ஒரு தொடக்கம் உண்டு. சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள், 1981. முதல் வாக்கியத்திலேயே ஜோசஃப் ஜேம்ஸ் இறந்துவிடுகிறான். 1960 ஜனவரி 5, வயது முப்பத்தொன்பது, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள். அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வியை ஆசிரியர் கதவருகிலேயே வாங்கி வைத்துவிட்டார். காம்யுவின் பெயர் அங்கே வருவதால் இந்த நாவல் எந்த மாதிரிப் பேச்சைப் பேசப் போகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. இனிமேல் நீங்கள் பக்கம் புரட்டினால், இவன் யாராக இருந்தான் என்று அறியத்தான் புரட்டுவீர்கள். பிடிக்காதவர்கள் சில பக்கங்களிலேயே இறங்கிக்கொள்ளலாம், அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது. நல்ல தொடக்கம் எல்லோரையும் உள்ளே இழுக்க வேண்டும் என்பதில்லை. தவறான வாசகரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் அதன் வேலைதான்.

வேகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். பக்கங்கள் பறந்தால் வேகம் என்று நினைத்துக்கொள்கிறோம். கதைக்குள் ஓடும் காலத்துக்கும் நாம் செலவிடும் பக்கத்துக்கும் உள்ள விகிதம் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு மாலைப்பொழுதுக்கு ஐம்பது பக்கம் கொடுக்கலாம், பத்து வருஷத்தை ஒரு வரியில் தாண்டலாம். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 1869இல் வெளியிட்ட ஒரு நாவலின் கடைசியில், தெருக் கலவரத்தில் ஒரு நண்பன் கொல்லப்படுவதைக் கதாநாயகன் வாய்பிளந்து பார்க்கிறான். அடுத்த அத்தியாயம் "அவன் பயணம் செய்தான்" என்று தொடங்குகிறது, சில வரிகளில் ஏறக்குறைய பதினாறு வருஷம் போய்விடுகிறது. அந்த வெற்றிடத்தைத்தான் இன்னொரு பிரெஞ்சு நாவலாசிரியரான ப்ரூஸ்ட் அந்த நாவலிலேயே மிக அழகான இடம் என்றார். இழுத்து இழுத்து நாள்கணக்கில் சொல்லிக்கொண்டு வந்தவர் திடீரென்று தாவுவதால்தான் அந்த வாழ்க்கை வீணாய்ப்போனது நமக்கு உறைக்கிறது. முதலிலிருந்தே தாவித் தாவிப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மோகமுள்ளையும் மெதுவான நாவல் என்கிறார்கள். அதுவும் சுதேசமித்திரனில் தொடராக வந்ததுதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் மேல் பாபுவுக்கு ஆசை. அந்த ஆசை வருஷக்கணக்கில் கூடவே நடக்கிறது, நடுவில் கும்பகோணத்துத் தெருக்கள், ரங்கண்ணாவிடம் பாட்டு, வீட்டுக் கவலை எல்லாம் வந்து வந்து போகின்றன. இதை நூற்றைம்பது பக்கத்தில் விறுவிறுப்பாகச் சொல்லியிருந்தால் ஒரு காதல் கதை கிடைத்திருக்கும். தி. ஜானகிராமன் எழுதியது காத்திருப்பதைப் பற்றிய நாவல். அது நம்மையும் காத்திருக்க வைக்காமல் முடியாது. கடைசியில் ஆசை நிறைவேறும்போது, எல்லாம் இதற்குத்தானா என்கிற தொனியில் யமுனா கேட்கும் கேள்விக்கு அத்தனை கனம் இருப்பதற்குக் காரணம் நாமும் அத்தனை பக்கம் நடந்து வந்திருப்பதுதான். சுருக்கப் பதிப்பில் அந்தக் கேள்வியைப் படித்தால் வெறும் வசனம்.

மெதுவாகப் போவதெல்லாம் ஆழம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். வாசகர் கடிதம் குவிகிறது என்பதற்காக முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீட்டப்பட்ட தொடர்கள் நம் பத்திரிகைகளில் ஏராளம். அவற்றை அடையாளம் காண்பது சுலபம். புதிதாக ஒரு பாத்திரம் வரும், வந்த காரியம் முடிந்ததும் காணாமல் போகும், கதை போன இடத்திலேயே நிற்கும். நிதானமான நாவலில் பாத்திரம் நின்ற இடத்திலேயே நின்றாலும் நாம் அவரைப் பற்றி அறிவது மாறிக்கொண்டே இருக்கும்.

முடிவுக்கு வருகிறேன், நீங்கள் ஏமாந்த இடமும் அதுதான். பொன்னியின் செல்வனின் ஐந்தாம் பாகத்துக்கு மட்டும் 91 அத்தியாயங்கள், நான்காம் பாகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆதித்த கரிகாலன் கொலையான பிறகும் நாவல் நெடுந்தூரம் போகிறது. கொன்றது யார் என்ற கேள்விக்குத் திட்டவட்டமான விடை வருவதில்லை. அருள்மொழிவர்மனுக்கு முடிசூட்டுவார்கள் என்று தலைப்பிலிருந்தே எதிர்பார்த்த நமக்கு, அவன் அதை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுப்பதுதான் கிடைக்கிறது. கடைசி அத்தியாயமான 'மலர் உதிர்ந்தது!' முடிவது மணிமேகலையோடு. நீங்கள் தனி ஆள் கிடையாது, அந்தக் காலத்து வாசகர்களும் சட்டென்று முடித்துவிட்டார் என்று குறைப்பட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, யார் யார் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா என்பதுகூட அந்த முடிவுரையில் தீர வேண்டிய கேள்வியாகத்தான் இருந்தது.

என் கணிப்பு இது. முதல் நான்கு பாகங்களும் நம்மைக் கேட்க வைத்த கேள்வி 'யார் ஜெயிப்பார்கள், யார் செய்தார்கள்' என்பது. ஐந்தாம் பாகம் பதில் சொல்வது 'யார் விட்டுக்கொடுத்தார்கள்' என்ற கேள்விக்கு. பாகத்தின் பெயரே தியாக சிகரம். ஆசிரியரின் மனத்தில் அந்தக் கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கலாம், ஆனால் குதிரையின் குளம்படிச் சத்தத்தில் அது நமக்குச் சரியாகக் கேட்கவில்லை. பதில் நன்றாகத்தான் இருக்கிறது, நாம் அந்தக் கேள்வியோடு வரவில்லை. சப்பென்று இருக்கிறது என்று நாம் சொல்லும் முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்.

முடிவு ஏன் மொத்த வாசிப்பின் நினைவையே கறைப்படுத்துகிறது என்று கேட்டால், 1993இல் உளவியலாளர் கானெமனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு பரிசோதனை நினைவுக்கு வருகிறது. ஒரு தடவை அறுபது விநாடி 14 டிகிரித் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே அறுபது விநாடியோடு மேலும் முப்பது விநாடி, அதில் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த அவஸ்தை அதில்தான் அதிகம், ஆனால் முடிந்த விதம் கொஞ்சம் சுகம். நாவலுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, என்றாலும் பத்து நாள் ஆனந்தமாகப் படித்த புத்தகத்தைக் கடைசி இருபது பக்கத்துக்காகத் திட்டுகிறோமே, அது புரிகிறது.

முடிவை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் அருமையான சான்று ஜெயகாந்தன். அக்கினிப் பிரவேசம் சிறுகதையில், மழையில் காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். 1966இல் வந்தபோது பெரிய சர்ச்சை. பிறகு அவரே அந்த முடிவைத் திருப்பிப் போட்டார். தாய் அலறுகிறாள், ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். அதிலிருந்து பிறந்ததுதான் சில நேரங்களில் சில மனிதர்கள். கங்கா வளர்ந்து ஆபீஸ் போகும் பெண்ணாகி, ஒரு பத்திரிகையில் தன் கதையையே வேறு முடிவோடு படிக்கிறாள். சிறுகதையில் கதவைச் சாத்திய அதே இடம் நாவலுக்கு வாசலாகிவிட்டது. அந்த நாவலை மெதுவானது என்று யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை, பெரும்பகுதி கங்காவின் மனத்துக்குள் நடக்கும் பேச்சாக இருந்தும். அந்தத் தாய் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் நம்மோடு வருகிறது.

முடிவு எது என்பதிலேயே ஆசிரியருக்கும் பத்திரிகைக்கும் தகராறு வந்ததும் உண்டு. டால்ஸ்டாயின் அன்னா கரேனினா ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் 1875 முதல் 1877 வரை வந்தது. எட்டாம் பாகத்தில் செர்பியப் போரைப் பற்றிய டால்ஸ்டாயின் கருத்து பத்திரிகை ஆசிரியர் கட்கோவுக்குப் பிடிக்கவில்லை. கதாநாயகி இறந்ததோடு நாவல் முடிந்த மாதிரிதான் என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். டால்ஸ்டாய் எட்டாம் பாகத்தைத் தன் செலவில் தனியாக அச்சிட்டார். இன்றைக்கும் அன்னாவுக்காகப் படிப்பவர்கள் கட்கோவின் கட்சி. நாவலின் இன்னொரு முக்கியப் பாத்திரமான லெவினின் கேள்விகளோடு வந்தவர்களுக்கு அந்த எட்டாம் பாகம் இல்லாவிட்டால் நாவலே முடியாது. நான் இரண்டாவது கூட்டம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? கோபல்ல கிராமத்தை உடனே மறுபடி எடுக்க வேண்டாம். கி.ரா. அதற்குத் தொடர்ச்சியாக எழுதிய கோபல்லபுரத்து மக்கள் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உங்களுக்குப் பழகிய வாராவார மூச்சு அதில் இருக்கிறது. கிட்டப்பன், அச்சிந்தலு என்று பின்தொடர ஆட்களும் இருக்கிறார்கள். முதல் நாவலைப் படிக்காமலே அது புரியும். அந்த ஊரும் மனிதர்களும் பிடித்துப்போனால் முதல் நாவலுக்குத் திரும்புங்கள், இந்தத் தடவை கள்வனை மறந்துவிட்டு நேராகப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் போதும், முடிந்தால் வாய்விட்டு, அது காதால் படிக்க வேண்டிய நடை. ஊரே பிடிக்கவில்லை என்றால் இரண்டையும் விட்டுவிடலாம், நீங்கள் போக வேண்டியது மோகமுள் பக்கம்.